இரண்டும் ஒரே காயில்தான்

மார்லிஸ் பிரிபில் பியர் காய்ச்சுகிற சனிக்கிழமைகளில் அவள் கணவன் லீராயின் ஜீன்ஸ் காயாது. வீட்டு நிலவறையில் கூடுதல் மின்சாரம் வருகிற பெரிய பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் அது துணி உலர்த்தும் மெஷினுக்குச் சொந்தம். சனிக்கிழமை வந்துவிட்டால் மெஷினின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மார்லிஸ் தன் எவர்சில்வர் அண்டாவின் ஒயரைச் சொருகிவிடுவாள். வெளியே கொடியில் போட்டால், ஏரிக்கரை ஊரான கெவானீயின் குளிரில் ஜீன்ஸ் விறைத்துப்போய் ஆள் இல்லாமலே எழுந்து நிற்கும்.

"கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார் எல்லாத்தையும் சொன்னாரு. இந்த அண்டாவப் பத்தி மட்டும் வாயத் தொறக்கல," என்பான் லீராய், ஈர ஜீன்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு.

"உனக்கு ரெண்டே ஜீன்ஸுதான்னு எங்கிட்டயுந்தான் யாரும் சொல்லல."

மார்லிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கெவானீயில் இன்றைக்கு மீசை வைத்திருக்கிற பாதிப் பேர் அவள் வண்டியில் மூக்கொழுகிக்கொண்டு போனவர்கள்தான். அவளுக்கு மூக்கு ஒரு வரம். பிள்ளைகள் படியேறும்போதே, "உங்க வீட்டுல இன்னிக்கு பேன்கேக்கு, அதுவும் தீஞ்சது," என்று சொல்லிவிடுவாள். அதுகளும் அவள் வாயால் கேட்பதற்காகவே மேலே விழுந்து மூச்சு விடும். அந்த மூக்கை நம்பித்தான் அவள் ஐம்பது வயதை நெருங்கும்போது பியர் காய்ச்ச இறங்கினாள்.

அவள் அப்பா வழியினர் கடல் கடந்து பொஹீமியாவிலிருந்து வந்து இந்த ஏரிக்கரையில் பால்மாடு வளர்த்தவர்கள். கல்யாணமோ சாவோ, அவர்கள் மேசையில் வைக்கோல் நிறத்தில் ஒரு பியர் இருக்கும். கண்ணாடிக் குவளைக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரியும், அவ்வளவு தெளிவு. அந்த வெளுத்த பியரைத் தன் கையால் காய்ச்ச வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. கேட்க எளிது. ஆனால் பியரிலேயே அதுதான் பொல்லாதது. கறுத்த பியரில் நூறு தப்பை ஒளித்துவிடலாம். வெளுத்த பியர் எதையும் மறைக்காது.

முதலில் சமையலறை அடுப்பில் காய்ச்சினாள். அத்தனை பெரிய அண்டா கொதிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பிறகு கார் ஷெட்டில் கேஸ் அடுப்பு வைத்தாள். சனவரிக் காற்றில் தீ நிற்கவில்லை. கடைசியில் அண்டாவுக்குள்ளேயே காயில் என்கிற மின்சாரச் சூட்டுக் கம்பியை வைத்துக் கொதிக்கவிடலாம் என்று யோசனை சொன்னவர் எதிர்வீட்டு நார்ப் ஜாடின்.

நார்ப் மின்கம்பம் ஏறி இறங்கியே ஓய்வு பெற்றவர். மின்சாரம் என்றால் ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கிற சங்கத்திலும் மூத்த உறுப்பினர். மற்றவர்களெல்லாம் கேஸ் அடுப்புக்காரர்கள். காயில் வைத்துக் காய்ச்சப் போவது இவர்கள் இரண்டு பேர் மட்டுமே. தனக்கும் அவளுக்குமாகச் சேர்த்து அவரே சாமான் வரவழைத்தார். அவர் கார் ஷெட்டில் அவள் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டை போட்டார். மார்லிஸ் டார்ச் பிடித்தாள். காயிலை உள்ளே நுழைத்து நட்டை முறுக்கினார். அவருடையது மட்டும் அட்டைப்பெட்டியோடு ஓரமாக இருந்தது.

"உங்களுத இப்ப மாட்டலியா நார்ப்?"

"உன்னுது முதல்ல ஓடட்டும். என்னுத அப்பறம் பாத்துக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ரெண்டும் ஒண்ணுதான். ஒரே கடை, ஒரே வாட். இனிமே நம்ம ரெண்டு அண்டாவும் ரெட்டப் புள்ளைங்க." ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "நீளமா மடிச்சு மடிச்சு ஒரு காயில் விக்கிறான். அதே சூடுதான். ஏமாந்தவன் தலையில கட்டுற வேல. நீ அதெல்லாம் வாங்கிடாத."

கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றும். வீட்டுக்கு எதிரிலேயே டாக்டர் இருக்கும்போது யார் மருந்துக்கடையில் போய் வைத்தியம் கேட்பார்கள்?

இரண்டு அண்டாவுக்கும் கண்ட்ரோல் பெட்டியையும் அவரே செய்து கொடுத்தார். பெட்டியில் ஒரு திருகு, பூச்சியத்திலிருந்து நூறு வரை. திருகைக் குறைத்தால் தீ சிறிதாகும் என்றுதான் மார்லிஸ் நினைத்தாள். அப்படியல்ல. காயில் எரிந்தால் முழு வேகம், இல்லாவிட்டால் அணைவு. கண்மூடித் திறப்பதற்குள் எரிவதும் அணைவதுமாக மாறி மாறி ஓடும். திருகு சொல்வதெல்லாம் எவ்வளவு நேரம் எரியலாம் என்பதை மட்டுமே.

முதல் பியர் அழகாகத்தான் இருந்தது. மார்லிஸ் மூக்கருகே கொண்டுபோனாள். அடிப்பிடித்த பாலின் வாடை. அண்டாவைக் கழுவும்போது பார்த்தால் காயில் முழுக்க மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியின் சர்க்கரை கறுப்பாகப் பொரிந்து ஒட்டியிருந்தது. சுரண்டி எடுக்க ஒரு நாள் ஆனது.

"கொதி ஜாஸ்தி," என்றார் நார்ப். "எண்பதுலயா வெச்ச? நாப்பதுக்கு எறக்கு."

நாற்பதுக்கு இறக்கினாள். மால்ட் சாறு தூங்கி வழிந்தது. அடிப்பிடித்த வாடை போய்விட்டது. அதற்குப் பதிலாக வேகவைத்த சோளத்தின் வாடை வந்து உட்கார்ந்தது. வெளுத்த மால்ட்டைப் புரண்டு கொதிக்கவிடாவிட்டால் அந்தச் சனியன் ஆவியோடு வெளியேறாது. திருகை ஏற்றினால் தீய்ச்சல், இறக்கினால் சோளம். அறுபதில் வைத்தாள், இரண்டும் வந்தது. சங்கத்துப் போட்டியில் அடுத்தடுத்து மூன்று வருடம் நடுவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு வாளியில் துப்பினார்கள்.

அந்தப் போட்டியின் பரிசு வெறும் கோப்பை அல்ல. வென்ற பியரை ஊரிலுள்ள சின்ன பியர் ஆலை பெரிய அளவில் காய்ச்சும். ஜூலையில் தேவாலயத் தோட்டத்து விருந்தில், கோழிக்கறிக் கொப்பரைக்குப் பக்கத்தில், காய்ச்சினவர் பெயரைக் குழாயின் மேல் பலகையில் எழுதி ஊற்றிக் கொடுப்பார்கள். பிரிபில் என்ற பெயர் அங்கே தொங்க வேண்டும் என்று மார்லிஸ் யாரிடமும் சொன்னதில்லை. லீராய்க்கு மட்டும் தெரியும்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு நார்ப் பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். "உன் ரெசிபிய அப்படியே எங்கிட்டக் குடு. நான் என் அண்டாவுல காச்சறேன். அதே காயில், அதே பெட்டி. தப்பு எங்கன்னு தெரிஞ்சுரும்ல?"

நியாயமான சோதனை. அவள் மால்ட்டின் அளவு, கசப்புக்கான ஹாப்ஸ் பூவை எப்போது போடுவது, ஈஸ்ட்டை எந்தக் குளிரில் வைப்பது எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நார்ப் காய்ச்சினார். குளிரில் உறங்கவைத்து எடுத்த அந்தப் பியரை அவர் நிலவறையில் நின்றபடியே குடித்தாள். வைக்கோல் நிறம், ரொட்டி வாசனை, கடைசியில் நாக்கில் ஒரு சின்னக் கசப்பு. அவள் தேடிக்கொண்டிருந்த பியர் அதுதான். வேறொருவர் குவளையில் இருந்தது.

"அப்ப என் கைதான் சரியில்லையா நார்ப்?"

நார்ப் இன்னொரு வாய் குடித்தார். "ரெசிபில ஒரு கொறையும் இல்ல மார்லிஸ். கைதான். கொஞ்சம் பொறுமை பத்தல. மூக்கும் முன்ன மாதிரி இருக்காது, வயசாகுதுல்ல நமக்கு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழி தன் மேல் வந்துவிடக்கூடாது என்று, மார்லிஸ் அண்டாவைக் குறை சொல்லவே இல்லை. டாக்டரிடம் போய் மூக்கைக் காட்டினாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பேருந்தில் பிள்ளைகள் மூச்சு விட்டுக் காட்டினால், "போயி உக்காரு," என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் அதுகளும் விட்டுவிட்டன.

அந்த வருடம் நார்ப் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பியரைப் போட்டியில் வைத்தார். "உனக்கு ஒண்ணும் இல்லியே? சும்மாதானே கெடக்குது," என்றார். அவளும் சரி என்றாள். வென்றது. மறு வருடமும், அதற்கடுத்த வருடமும் வென்றது. ஜூலை விருந்தில் நார்ப் ஜாடின் என்று பலகை தொங்கியது. மார்லிஸ் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தாள், கைதட்டினாள்.

அவள் கறுத்த பியருக்கு மாறிவிட்டாள். வறுத்த மால்ட்டின் வாசனையில் தீய்ச்சல் தெரியாது. ஒருமுறை மூன்றாம் பரிசுகூட வந்தது. "இதுதான் உன் கைக்கு வர்ற பியர்," என்று நார்ப்தான் தட்டிக்கொடுத்தார். கருங்காப்பி மார்லிஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. சங்கமே அப்படிக் கூப்பிட்டது. அவளும் சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்ப்பாள்.

இந்த வருடம் சனவரியில் நார்ப் பியர் காய்ச்சுகிற நடுவில், சாறு வடித்த மால்ட் சக்கையை வெளியே கொட்டப் போய், பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் மனைவி ஜோயன் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள், ஒயரைப் பிடுங்கினாள், மூடியைப் போட்டாள். மற்றதை மறந்துவிட்டாள். சில நாளில் நிலவறையிலிருந்து நாற்றம் மாடிவரை ஏறியது.

அண்டாவை அவரவர்தான் கழுவ வேண்டும் என்பது நார்ப் சங்கத்தில் கொண்டுவந்த கட்டுப்பாடு. அடுத்தவர் அண்டாவில் கைவைத்தால் அடுத்தவர் பியரில் கைவைத்த மாதிரி என்பார். எத்தனையோ சனிக்கிழமை மார்லிஸ் அவருக்கு உதவப் போயிருக்கிறாள். அவள் போவதற்கு முன்பே அண்டா நிரம்பியிருக்கும். அவள் கிளம்பிய பிறகுதான் காலியாகும். எவ்வளவு மரியாதையான மனுஷர் என்று அவளும் நினைத்திருந்தாள்.

"நீ வந்து அத என்னன்னு பாரேன்," என்று ஜோயன் போனில் கெஞ்சினாள். "அவரு தொடாத, தொடாதங்கறாரு. வீட்டுல நான்ல இருக்கேன், எனக்குல்ல கொமட்டுது."

மார்லிஸ் ரப்பர் உறையைப் போட்டுக்கொண்டு போனாள். புளித்துப் போன சாற்றைக் குழாய் வழியே சாக்கடைக்குத் திறந்துவிட்டாள். அடியில் கிடந்த சல்லடைத் தட்டைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு முழங்கை நீளத்துக்கு, போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, பாம்பு சுருண்ட மாதிரி நெளிநெளியாக ஒரு காயில் கிடந்தது. அவளுடையதைப்போல மூன்று மடங்கு நீளம். கறுப்பு என்று ஒரு பொட்டு இல்லை. அத்தனை நாள் அழுகின சாற்றில் கிடந்தும், தண்ணீர் ஊற்றியதும் புதுக் கரண்டிபோல மின்னியது.

அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. அதே வாட்தான், நார்ப் அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே சூட்டை மூன்று மடங்கு நீளத்தில் பரப்பினால் எந்த இடமும் தீய்க்கிற அளவுக்குப் பழுக்காது. எண்பதில் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் புரள விடலாம். அவள் அண்டாவில் அத்தனை சூடும் ஒரு குட்டைக் கம்பியில் நின்று சாற்றைப் பொசுக்கியிருக்கிறது. கூடம் நிஜமாகவே கோணல். கோணலாக்கிக் கொடுத்தவர்தான் ஆட்டம் சரியில்லை என்றும் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம், சோற்றுப்பானையை யாரும் கழுவ விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அவள் அண்டாவை நன்றாகக் கழுவினாள், துடைத்தாள், கவிழ்த்து வைத்தாள். வீட்டுக்கு வந்து லீராயிடம் சொன்னாள். லீராய் எழுந்து கோட்டை எடுத்தான்.

"உக்காரு," என்றாள். "நான் பேசிக்கறேன்."

நார்ப் வீடு திரும்பிய வாரம் போனாள். அவர் சாய்வு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஜோயன் தட்டில் பழக்கூழ் வைத்த ரொட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அண்டாவக் கழுவிட்டேன்," என்றாள் மார்லிஸ்.

நார்ப் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "உனக்கெதுக்கு அந்த வேல. நான் வந்து பாத்துக்கறேன்னுதானே ஜோயன்கிட்ட சொன்னேன்."

"உள்ள இருந்ததப் பாத்தேன்."

நார்ப் டிவியை அணைத்தார். "நான் ரெண்டும் நீளத்துலதான் கேட்டேன் மார்லிஸ். கடைக்காரன் நீளத்துல ஒண்ணு, குட்டையில ஒண்ணுன்னு அனுப்பிட்டான். அது இவ்ளோ வித்தியாசம் பண்ணும்னு அப்ப எனக்கே தெரியாது."

நீளக் காயில் ஏமாந்தவன் தலையில் கட்டுற வேலை என்று அன்றைக்கு இதே வாய் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. "எப்ப தெரிஞ்சுது?"

"உன் ரெசிபிய நான் காச்சினப்ப."

"அப்ப சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். குடிச்சுப் பாத்தேன். என் ஆயுசுல நான் காச்சினது ஒண்ணுகூட அப்படி வந்ததில்ல. நீயா வந்து, 'என் கைதான் சரியில்லையா'ன்னு கேட்ட. நான் ஆமான்னுட்டேன்." காலில் கிடந்த போர்வையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். "ஒருதடவ சொன்னத அப்பறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"என் மூக்கையே நான் நம்பாமப் போயிட்டேன் நார்ப். டாக்டர்கிட்டப் போயி காட்டினேன். உனக்கும் தெரியும். நீதான் அன்னிக்கு என்னக் கார்ல கூட்டிட்டுப் போன."

இத்தனை வருடத்தில் அவரை அவள் 'நீ' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நார்ப் கண்ணைத் துடைத்தார். அழுகை பொய்யில்லை.

"நானே சொல்லிடறேன்," என்றார். "போட்டியன்னிக்கு, சங்கத்துல எல்லார் முன்னாடியும். அது யார் பியருன்னு என் வாயாலயே சொல்றேன். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லு," என்றாள் மார்லிஸ். ரொட்டியைத் தொடாமல் வந்துவிட்டாள்.

பிப்ரவரியில் அவளே கடைக்குப் போன் பண்ணி நீளக் காயிலை வரவழைத்தாள். லீராய் டார்ச் பிடித்தான், அவள் நட்டை முறுக்கினாள். அந்தச் சனிக்கிழமை திருகை எண்பதில் வைத்தாள். சாறு பாறையில் விழுகிற அருவிபோலப் புரண்டது. வடித்துவிட்டுக் குனிந்து பார்த்தாள், காயில் பளபளவென்று இருந்தது. சுரண்ட ஒன்றுமில்லை. நிலவறைப் படியில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று லீராய் நினைத்தான். போன வருடங்களுக்காக அழுதாள்.

ஏப்ரல் கடைசியில் போட்டி. மதுக்கடையின் பின்கூடம், எப்போதும்போல் மீன் பொரிக்கிற வாசனை. நார்ப்பின் முகத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்று லீராய் வெளியே வண்டியிலேயே இருந்துகொண்டான். நார்ப் கைத்தடியோடு முன்வரிசையில் இருந்தார். இந்த வருடம் அவர் பியர் வைக்கவில்லை. மார்லிஸிடம் தலையசைத்தார். சொல்லத்தான் போகிறார் என்று அவள் நம்பினாள். ஒருமுறை ஏமாந்தவள்தான், ஆனாலும் நம்பினாள்.

பெயர் ஒட்டாத பாட்டில்களை நடுவர்கள் சுவைத்து முடித்தார்கள். சங்கத் தலைவர் டுவேன் சீட்டைப் பிரித்தார்.

"சொன்னா நம்ப மாட்டீங்க. நார்ப்தான் கள்ளத்தனமா ஒரு பாட்டில உள்ள தள்ளிட்டாருன்னு நாங்க நெனச்சுட்டோம். அச்சு அசல் அவரு பியர். பேரப் பாத்தா நம்ம கருங்காப்பி மார்லிஸ்."

கூடமே கைதட்டியது. "கருங்காப்பிக்காரி பால் ஊத்த ஆரம்பிச்சுட்டா," என்றது ஒரு குரல். "வாத்தியார் நார்ப்தானே, பின்ன?" என்றது இன்னொன்று. ஆளாளுக்கு நார்ப்பின் தோளைத்தான் தட்டினார்கள்.

"வாத்தியார் ரெண்டு வார்த்தை பேசட்டும்," என்றார் டுவேன்.

நார்ப் தடியை ஊன்றி எழுந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லா முகமும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. தொண்டையைச் செருமினார். மார்லிஸ் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணல," என்றார் நார்ப். "மார்லிஸ் பொறுமையாக் கத்துக்கிட்டா. கை திருந்திடுச்சு. அவ்ளோதான்."

மறுபடி கைதட்டல். அடக்கமான மனுஷர் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. மார்லிஸுக்குக் காது மடல் கொதித்தது. என்றாலும் இன்னும் ஒரு கதவைத் திறந்துவிட்டுப் பார்க்கலாம் என்று எழுந்தாள்.

"நார்ப், ஒண்ணு கேக்கணும். உங்க அண்டாவுலயும் என் அண்டாவுலயும் இருக்குறது ஒரே காயில்தானே?"

மற்றவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. நார்ப் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

"ஆமா," என்றார். "ரெண்டும் ஒண்ணுதான்."

"ஆமா," என்றாள் மார்லிஸ். "இந்தப் பிப்ரவரிலேர்ந்து."

கோட்டை மாட்டிக்கொண்டாள். "பிப்ரவரிலேர்ந்தா? அப்ப அதுக்கு முன்னாடி?" என்று டுவேன் கேட்டார்.

"அத வாத்தியாரக் கேளுங்க."

அவள் கதவைத் திறந்தபோது எல்லாத் தலையும் நார்ப் பக்கம் திரும்பியிருந்தது. வெளியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. லீராய் சாய்ந்து கதவைத் திறந்துவிட்டான்.

"ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன்."

"அவன் சொன்னானா?"

மார்லிஸ் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னான். இந்தத் தடவ உண்மையத்தான் சொன்னான் லீராய்," என்றாள். "அதான் தாங்க முடியல."